ஒரு படக்கடைக்காரரின் கணக்குப் புத்தகம்

(எங்கள் கிளையின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, "சார், பென்ஷன் விஷயமாகவோ வருமானவரி விஷயமாகவோ ஏதாவது சொல்லுங்கள், எல்லோருக்கும் உபயோகமாக இருக்கும்" என்றார். முப்பத்தெட்டு வருஷம் தணிக்கைத் துறையில் குப்பை கொட்டியவனுக்கு வேறென்ன தெரிந்திருக்கும் என்று அவர் நினைத்ததில் தவறில்லை. ஆனால் இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முன் பாரிஸ் நகரத்தில் ஓவியங்களை வாங்கி விற்ற ஒரு கடைக்காரரைப் பற்றி. அவர் பெயர் போல் த்யூரான்-ருயெல். வாயில் நுழைவது கொஞ்சம் கஷ்டம்தான். இனி அவரை ருயெல் என்றே சொல்கிறேன்.

எனக்கும் ஓவியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நான் கெமிஸ்ட்ரியில் பி.எஸ்ஸி. முடித்து, பரீட்சை எழுதி ஆடிட்டுக்குப் போனவன். அகத்தில் சுவரில் மாட்டியது ஸ்வாமி படமும் காலண்டரும்தான். ஆனால் 1984ல் ஒரு பட விஷயமாக என் பேனா ஒரு காரியம் செய்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதைச் சொல்வதற்காகத்தான் இந்தப் பேச்சே.

2015ல் நியூஜெர்ஸியில் பிள்ளை அகத்தில் மூன்று மாதம் இருந்தோம். அமெரிக்கா போய்வந்தவர்களுக்குத் தெரியும், முதல் பதினைந்து நாள் போனதும் பொழுது போகாது. ஒரு சனிக்கிழமை மாட்டுப்பெண், "அப்பா, பிலடெல்பியா மியூசியத்தில் ஒரு கண்காட்சி போட்டிருக்கிறார்கள், வருகிறீர்களா?" என்றாள். வேறு வேலையில்லை, கிளம்பினேன். உள்ளே நுழைந்தபின்தான் விஷயம் புரிந்தது. சாதாரணமாக ஓர் ஓவியரின் பெயரில்தான் கண்காட்சி வைப்பார்கள். இது, அந்த ஓவியங்களை வாங்கி விற்ற வியாபாரியின் பெயரில் வைத்தது. பாரிஸிலும் லண்டனிலும் நடந்துவிட்டுப் பிறகு பிலடெல்பியாவுக்கு வந்திருந்தது. ஒரு தரகருக்கு இத்தனை மரியாதையா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

ருயெல் பிறந்தது 1831 அக்டோபர் 31ல், பாரிஸில். தாய் வழியில் வந்த காகிதக் கடை ஒன்று இருந்தது. அவருடைய தகப்பனார் அதில் தூரிகை, வர்ணம் முதலான சாமான்களையும் விற்கத் தொடங்கினார். கையில் காசில்லாத ஓவியர்கள் சாமானுக்குப் பதிலாகப் படத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இப்படிச் சேர்ந்த படங்களை வாடகைக்கு விட்டும் விற்றும், காகிதக் கடை மெள்ள மெள்ளப் படக்கடை ஆயிற்று. பிள்ளைக்கோ கடையில் உட்கார இஷ்டமில்லை. ராணுவத்திலோ பாதிரிமார் சேவையிலோ சேரவேண்டும் என்று ஆசை. ஸான் ஸீர் ராணுவக் கல்லூரிக்குத் தேறியும்கூட உடம்பு இடம் கொடுக்கவில்லை. கடைக்குத் திரும்பினார். 1865ல் தகப்பனார் காலமானதும் முழுப்பொறுப்பும் இவர் தலையில் விழுந்தது.

அந்தக் காலத்து பிரான்ஸில் ஓவியருக்கு ஒரே வாசல்தான். வருஷந்தோறும் அரசாங்க ஆதரவில் 'ஸலோன்' என்று பெரிய கண்காட்சி நடக்கும். அதற்கு ஒரு தேர்வுக்குழு. குழு ஒப்புக்கொண்டால் படம் சுவரில் ஏறும், விலை கிடைக்கும். தள்ளிவிட்டால் வாங்க ஆளிருக்காது. நம்மவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பரீட்சை, ரேங்க், கெஸட்டில் பெயர் என்றே வளர்ந்தவர்கள் நாம். ஸலோனில் தேறாதவன் ஓவியனே இல்லை என்று பாரிஸ் நம்பியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இந்தச் சமயத்தில் இளைஞர்கள் சிலர் வேறுவிதமாக வரைய ஆரம்பித்தார்கள். மோனே, ரெனுவார், பிஸாரோ, சிஸ்லே, தெகா, பெர்த் மொரிஸோ என்ற பெண்மணி. இவர்களுக்கு மூத்தவராக மானே. மோனே வேறு, மானே வேறு. எனக்கே ஒரு வாரம் குழப்பமாக இருந்தது. இவர்களில் பலர் வெட்டவெளியில் உட்கார்ந்து, ஓடுகிற தண்ணீரையும் மாறுகிற வெளிச்சத்தையும் கண்ணில் பட்டபடியே வேகமாகத் தீட்டினார்கள். நான் படித்த கெமிஸ்ட்ரிக்கு இதில் கொஞ்சம் பங்குண்டு. 1841ல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்கர், வர்ணத்தை அடைத்துவைக்கத் தகரக் குழாயைக் கண்டுபிடித்தார். இன்றைய டூத்பேஸ்ட் டியூபுக்கு அதுதான் மூதாதை. அது வந்தபிறகே வர்ணத்தைக் கையோடு வயல்வெளிக்கு எடுத்துப்போவது சுலபமாயிற்று. புதிய ரசாயன வர்ணங்களும் அப்போது கடைக்கு வந்திருந்தன. பின்னால் இவர்களுக்கு 'இம்ப்ரஷனிஸ்ட்' என்று பெயர் வந்தது. அது கேலியாக வைத்த பெயர்தான், நிலைத்துவிட்டது.

1870ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் யுத்தம் மூண்டது. ருயெல் தம் படங்களையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு லண்டனுக்குப் போய், நியூ பாண்ட் தெருவில் கடை திறந்தார். அதே யுத்தத்துக்குப் பயந்து லண்டன் வந்து, பிழைப்புக்கு வழி தெரியாமல் இருந்தார் மோனே. 1871ல் தோபிஞி என்ற மூத்த ஓவியர் அவரை ருயெலிடம் அழைத்துப்போனார். பிஸாரோவும் வந்து சேர்ந்தார். மோனேயின் படத்துக்கு 300 பிராங்கும், பிஸாரோவின் படத்துக்கு 200 பிராங்கும் கொடுத்து வாங்கினார் ருயெல். வேறு யாரும் தொடாத படங்கள் அவை.

அந்த வருஷம் நவம்பரில் அவருடைய மனைவி காலமானார். ஐந்து குழந்தைகள். நாற்பது வயது. மறுவிவாகம் செய்துகொள்ளவில்லை. மனிதர் சற்று ஒடுங்கியிருப்பார் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். ஆனால் இரண்டே மாதத்தில், 1872 ஜனவரியில், ஒரு நண்பரின் சித்திரக்கூடத்தில் மானேயின் இரண்டு படங்களைப் பார்த்தார். வாங்கினார். உடனே மானேயின் இடத்துக்கே போய், அங்கே இருந்த 23 படங்களையும் மொத்தமாக 35,000 பிராங்குக்கு விலைபேசி முடித்தார். பாரிஸில் ஒரு தொழிலாளிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 பிராங்க் கூலி கிடைத்த காலம் அது. அந்த 23ல் ஒன்று, அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின் கடற்சண்டையைக் காட்டும் படம். இப்போது பிலடெல்பியா மியூசியத்தில் இருக்கிறது. அதன் எதிரில் வெகுநேரம் நின்றேன்.

அப்போது என் மனசில் ஓடியது ஓவிய ரசனை இல்லை. ஆடிட் நோட்தான். என்னிடம் இவருடைய கணக்கு வந்திருந்தால் என்னென்ன எழுதியிருப்பேன்? ஒன்று, சந்தையில் கேட்பாரில்லாத சரக்கை அளவுக்கு மீறிக் கையிருப்பில் வைத்திருக்கிறார். இரண்டு, சரக்கு வருவதற்கு முன்பே ஓவியர்களுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறார், ஈடு ஒன்றுமில்லை. மாதாமாதம் பணம் அனுப்புகிறார், அவர்களுடைய கடன்களையும் பில்களையும் தாமே கட்டுகிறார். மூன்று, இதற்கெல்லாம் கடன் வாங்குகிறார். நான்கு, தாம் விற்கும் ஓவியர்களின் படம் ஏலத்துக்கு வந்தால், விலை விழாமல் இருக்கத் தாமே ஏலம் கேட்கிறார். இந்த நாலாவது விஷயம் இன்றைக்கும் எனக்குச் சம்மதமில்லை. அவர் மகான் அல்ல, வியாபாரி. ஓர் ஓவியரின் படங்கள் முழுவதும் தம் கையிலேயே இருக்கவேண்டும், விலையைத் தாமே நிர்ணயிக்கவேண்டும் என்பதும் அவருடைய கணக்கில் உண்டு.

ஆனால் அந்தக் கணக்கு பலித்ததா? இருபது வருஷம் பலிக்கவில்லை. 1874ல் கைப்பணம் வறண்டு, படம் வாங்குவதையே நிறுத்தவேண்டி வந்தது. 1875ல் ஓத்தெல் துருவோ ஏலக்கூடத்தில் மோனே, ரெனுவார், சிஸ்லே, மொரிஸோ ஆகியோரின் படங்கள் ஏலத்துக்கு வந்தன. மதிப்பீட்டாளராக நின்றவர் ருயெல். கூடியிருந்தவர்கள் கூச்சல் போட்டுக் கேலி செய்ததில், போலீஸைக் கூப்பிடும்படி ஆயிற்று. 1876ல் அந்த ஓவியர்களின் இரண்டாவது கண்காட்சிக்குத் தம் கடையையே கொடுத்தார். பிகாரோ பத்திரிகையின் விமர்சகர் அவர்களைப் பைத்தியக்காரர்கள் என்றே எழுதினார்.

1880 வாக்கில் ஒரு வங்கியாளரின் ஆதரவு கிடைத்தது. மறுபடி வாங்கத் தொடங்கினார். 1882ல் யூனியோன் ஜெனரால் என்ற அந்த வங்கி திவாலாயிற்று. கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். 1884ல் அவருடைய கடன் பத்து லட்சம் பிராங்குக்கு மேல். நம்மில் யாராவது அந்த நிலையில் இருந்தால், கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுக் காசிக்குப் போயிருப்போம். அவரும் தள்ளிவிட்டிருக்கலாம். ஆனால் ஒரேயடியாக அத்தனை படங்களையும் சந்தையில் கொட்டினால் விலை அதலபாதாளத்துக்குப் போகும். அந்த ஓவியர்களின் வாழ்வும் அதோடு முடியும். அதனால் தாங்கினார். மோனேயும் ரெனுவாரும் பணம் கேட்டு எழுதும்போதெல்லாம் கொஞ்சமாவது அனுப்பினார்.

எல்லா ஓவியர்களும் அவரைக் கொண்டாடினார்கள் என்று சொல்லமாட்டேன். மோனே பொறுமையிழந்து போட்டிக் கடைக்காரர்களிடமும் படம் கொடுத்தார். அதிலும் நியாயம் உண்டு. சாப்பாட்டுக்கு வழி வேண்டாமா?

இங்கே இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும். ருயெல் தீவிர கத்தோலிக்கர், ராஜாவின் ஆட்சி திரும்ப வரவேண்டும் என்ற கட்சி. பிஸாரோவோ யூதர், அரசாங்கமே கூடாது என்ற கொள்கைக்காரர். கூர்பே என்ற ஓவியர் 1871 பாரிஸ் புரட்சியில் சேர்ந்து சிறைக்குப் போனவர். அவர்கள் படத்தையும் இவர் வாங்கினார், விற்றார். கொள்கையில் ஒருவருக்கொருவர் எட்டாத தூரம். ஆனாலும் அவன் வரைந்தது நல்ல படமா என்பதை மட்டும் தனியே நிறுத்திப் பார்க்க இவரால் முடிந்தது.

விமோசனம் கடல் தாண்டி வந்தது. 1886ல் நியூயார்க்கிலிருந்து ஒரு கலைச் சங்கம் அழைப்பு அனுப்பியது. அமெரிக்காவில் அயல்நாட்டு ஓவியங்களுக்கு அப்போது 30 சதவீதம் சுங்கவரி. அந்தச் சங்கம் கல்வி ஸ்தாபனமாகப் பதிவாகியிருந்ததால் வரியில்லாமல் உள்ளே கொண்டுவர முடிந்தது. ஏறத்தாழ 300 படங்களுடன் கப்பலேறினார். படங்கள் அமெரிக்காவுக்குப் போவதில் மோனேக்கு அவ்வளவு இஷ்டமில்லை. ஏப்ரல் 10ல் கண்காட்சி திறந்தது. பாரிஸைப்போல் அங்கே யாரும் சிரித்துக் கலைக்கவில்லை. வந்தார்கள், நின்று பார்த்தார்கள், சிலர் வாங்கினார்கள். கண்காட்சியை இன்னோர் இடத்துக்கு மாற்றி நீட்டிக்கும் அளவுக்குக் கூட்டம். பிறகு நியூயார்க்கிலேயே ஒரு கிளை திறந்து பிள்ளைகளை அமர்த்தினார். மேரி கசாட் என்ற அமெரிக்க ஓவியப் பெண்மணியின் யோசனையைக் கேட்டு ஹாவ்மேயர் தம்பதியர் வாங்கினார்கள். சிகாகோவில் பெர்த்தா பாமர் வாங்கினார். ஹாவ்மேயர் குடும்பம் சேர்த்ததில் பெரும்பகுதி 1929ல் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. உங்கள் பிள்ளைகள் பெண்கள் அகத்துக்குப் போகும்போது அந்த மியூசியங்களில் நீங்கள் பார்க்கும் படங்களில் பல, இவர் கைக்குள் வந்து போனவை.

அமெரிக்கர் வாங்குவதைப் பார்த்ததும் பிரான்ஸும் கண்ணைத் திறந்தது. 1891 மே மாதம் மோனேயின் வைக்கோற்போர்ப் படங்கள் பதினைந்தை ருயெல் தம் கடையில் வைத்தார். சில நாட்களில் விற்றுப்போயின. அறுபது வயதில் தாம் இறந்திருந்தால் கடனாளியாக, யாரும் மதிக்காத பொக்கிஷங்களுக்கு நடுவில் இறந்திருப்பேன் என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். 1891ல்தான் அவருக்கு அறுபது வயது நிறைந்தது. எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் கிட்டவில்லை. சிஸ்லே 1899ல் வறுமையிலேயே கண்ணை மூடினார். அவர் போனபிறகுதான் விலை ஏறிற்று.

இன்று ஓவியக்கூடங்களில் நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிற பல வழக்கங்களுக்கு வேரூன்றியவர்களில் ருயெல் முக்கியமானவர். ஓர் ஓவியருக்கு மட்டும் தனிக் கண்காட்சி வைப்பது. 1883ல் மோனே, ரெனுவார், பிஸாரோ, சிஸ்லே என்று ஒவ்வொருவருக்கும் வைத்தார். ஓவியத்துக்கென்று பத்திரிகை நடத்துவது, வெளிநாட்டில் கிளை வைப்பது, ஓவியருக்கு மாதப் பணம் தருவது. ரோம் தெருவில் இருந்த தம் வீட்டுக் கதவுகளுக்கு மோனேயையே பூவும் பழமும் வரையச் சொன்னார். பின்னாளில் அந்த வீட்டைப் பொதுமக்கள் வந்து பார்க்கத் திறந்தும் விட்டார்.

1891 முதல் 1922 வரை மட்டும் அவர் கடை வாங்கிய ஓவியங்கள் ஏறத்தாழ 12,000 என்று சொல்கிறார்கள். அவர் கைவழியாகப் போனவற்றில் மோனேயின் படங்களே ஆயிரத்துக்கு மேல், ரெனுவார் ஏறத்தாழ 1,500, பிஸாரோ ஏறத்தாழ 800. 1910ல் ரெனுவார் அவரை உட்கார வைத்து வரைந்திருக்கிறார். வெள்ளை மீசையுடன், சாந்தமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். ரிடையரான ஸ்கூல் ஹெட்மாஸ்டர் மாதிரி இருக்கிறது. 1922 பிப்ரவரி 5ல், தொண்ணூறு வயதில் காலமானார். அவருடைய கணக்குப் புத்தகங்கள் இன்றும் பாரிஸில் பத்திரமாக இருக்கின்றன. எந்தப் படம், யார் வரைந்தது, என்ன விலை, எப்போது வந்தது, எங்கே போனது என்று ஆராய்ச்சியாளர்கள் அதைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். அதைப் படித்தபோது ஓர் ஆடிட்டருக்கு உண்டான சந்தோஷத்தை நான் மறைக்க விரும்பவில்லை. மனிதர் துணிச்சலான செலவாளி, ஆனால் பதிவு சுத்தம்!

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

1984ல் வடக்கே ஓர் ஊரில் ஒரு பொதுத்துறை அலுவலகத்துக்குத் தணிக்கைக்குப் போயிருந்தேன். அங்கே புதிதாக விருந்தினர் மாளிகை கட்டியிருந்தார்கள். நிர்வாகப் பொறுப்பில் இருந்த அதிகாரி, அறைகளில் மாட்ட அந்த ஊர் இளம் ஓவியர்கள் மூன்று பேரிடம் எட்டுப் படங்கள் வாங்கியிருந்தார். ஒன்று 600 ரூபாய், மொத்தம் 4,800. மூன்று கொட்டேஷன் இல்லை, விலை நியாயமானது என்பதற்குச் சான்று இல்லை. ஆட்சேபணை எழுதினேன். அவர் கோப்பில் பதில் எழுதினார்: ஒருவர் வரைந்த படத்தை இன்னொருவர் வரையமுடியாது, அதற்கு மூன்று கொட்டேஷன் எங்கே வாங்குவது? நான் இதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். மறுகுறிப்பில் ஒரு வரி சேர்த்தேன்: "இப்படங்களுக்கு மதிப்பு ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை." அந்த வரிதான் வேலை செய்தது. 4,800 ரூபாயும் அவருடைய சம்பளத்தில் தவணை தவணையாகப் பிடிக்கப்பட்டது. பணம் கட்டியாகிவிட்டதால் படங்களை நீரே எடுத்துப்போம் என்றார்கள். ரிக்ஷாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார் என்று கேள்விப்பட்டேன். அன்று எனக்கு அது ஒரு வெற்றி.

விதிப்படி ஆட்சேபணை எழுப்பியது சரிதான். ருயெல் போட்டது தம் சொந்தப் பணம், இவர் செலவழித்தது பொதுப்பணம். வாங்கும்போது நாலு பேரைக் கலந்து ஒரு குழு வைத்திருக்கவேண்டும். இதை இப்போதும் சொல்வேன். ஆனால் அந்தக் கடைசி வரி? படங்களை நான் பார்க்கக்கூட இல்லை. கோப்பில் சான்று இல்லை என்று எழுத எனக்கு அதிகாரம் உண்டு. மதிப்பில்லை என்று எழுத என்ன அதிகாரம், என்ன படிப்பு? பாரிஸ் ஏலக்கூடத்தில் கூச்சல் போட்டவர்களில் என்னைப்போல் ஒழுங்கான உத்தியோகஸ்தர்களும் இருந்திருப்பார்கள்.

பிலடெல்பியாவிலிருந்து திரும்பியதும், பழைய சகா ஒருவர் மூலம் விலாசம் தேடி அந்த அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். அன்று எழுதிய அந்த வரிக்காக மன்னிக்கவேண்டும் என்று எழுதினேன். பதில் அவருடைய பெண்ணிடமிருந்து வந்தது. அப்பா காலமாகி நாலு வருஷம் ஆகிறது. மூன்று படங்களைக் கரையான் தின்றுவிட்டது. ஐந்து படங்கள் ஹாலில் இருக்கின்றன. சிறு வயதிலிருந்து அவற்றைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். விற்கவேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அவ்வளவுதான் கடிதம்.

அந்த ஓவியர்கள் பின்னால் பிரபலமானார்களா, அந்தப் படங்களுக்கு இன்று என்ன விலை என்று நான் விசாரிக்கவில்லை. விலை வந்திருந்தால்தான் என் தவறு தவறு என்றாகிவிடும் அல்லவா? அது பழைய புத்திதான்.

நம் அகங்களிலும் இப்படி ஒருவர் இருப்பார். வரைகிற பேத்தி, மிருதங்கத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற பேரன், யாரோ ஒரு புதுப் பையனின் கச்சேரிக்குக் கைக்காசு போட்டு ஹால் எடுக்கும் மாமா. அவர்களுக்குப் பணம் கொடுக்க நம்மால் முடியாமல் போகலாம். பென்ஷன்காரர்கள் நாம். ஆனால் பார்க்காமல், கேட்காமல், அந்தக் கடைசி வரியை மட்டும் எழுதாமல் இருக்கலாம். முதலில் ஒரு தரம் போய் நின்று பாருங்கள்.

பென்ஷன் விஷயத்தை அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன் என்று செயலாளருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.